தேன்மொழியின் படிப்பு விஷயமாக

சென்னை

அன்புள்ள வசந்தி,

கடிதம் கிடைத்தது. முழங்காலுக்கு எண்ணெய் தடவியது போதும், ஒரு தடவை எலும்பு டாக்டரைப் பார். இங்கே மழை போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது, புழுக்கம்தான் மிச்சம்.

தேன்மொழி குற்றவியல் எம்.ஏ. படிக்கப் போகிறேன் என்கிறாளாம், 'பொம்பளைப் பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவா' என்று அண்ணன் குதிக்கிறாராம். போலீஸ் ஆக இந்தப் படிப்பே வேண்டாம். எஸ்.ஐ. தேர்வுக்கு ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் சரி. அரசு வக்கீல் ஆக வேண்டுமென்றால் சட்டம் படிக்க வேண்டும். தடயவியல் லேபில் உட்கார ஆசையென்றால் அவளுடைய பி.எஸ்சி. வேதியியலே நல்ல அடிப்படை. அதற்கு இனி ஆள் தேவையும் கூடும்: 2024 ஜூலையில் வந்த புதிய சட்டப்படி, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றம் என்றால் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போயே ஆக வேண்டும். அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் குற்றவியல் எதற்கு என்பாய். என் வேலையைப் பார். பதினெட்டு வயது ஆகாத பையன் ஒருவன் பைக் திருடி மாட்டுகிறான். போலீஸ் காகிதத்தில் சட்டப்பிரிவும் வண்டி நம்பரும் இருக்கும். அவன் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டான், அப்பா எங்கே, ராத்திரி யாரோடு சுற்றுகிறான் என்று விசாரித்து, பதினைந்து நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை கொடுப்பது என்னைப் போன்ற நன்னடத்தை அலுவலர். கெல்லீஸில் இருக்கிற இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அதைப் படித்துத்தான் முடிவெடுப்பார்கள். வியாசர்பாடியில் ஒரு வீட்டுக்குப் போனால் அம்மா கதவைத் திறக்கவே மாட்டாள். பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அவளாகப் பேசுகிறவரை காத்திருக்க வேண்டும். துப்பறியும் சீரியல் பார்த்துவிட்டு இந்தப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் இந்த இடத்தில்தான் சலித்துப் போகிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த இடம்.

சம்பளத்தையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் பெரும்பாலும் ஒப்பந்த வேலை, தொகுப்பூதியம்தான். நிரந்தரம் வேண்டுமென்றால் போட்டித் தேர்வு எழுதியே தீர வேண்டும். காசு முக்கியமென்றால் சைபர் பக்கம் போகட்டும், வங்கிகளுக்கு மோசடியைத் துருவிப் பார்க்க ஆள் வேண்டியிருக்கிறது. சேப்பாக்கத்தில் இருக்கிற சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைபர் தடயவியலுக்கென்றே தனியாக எம்.எஸ்சி. இருக்கிறது. கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசையா, அதற்கான நெட் தகுதித் தேர்வில் குற்றவியல் தனிப்பாடம்.

ஆனால் எம்.ஏ. படிக்க அவள் சேப்பாக்கத்துக்குத்தான் வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் அபிஷேகப்பட்டியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் நல்ல துறை இருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம், ஹாஸ்டல் செலவு மிச்சம், அண்ணனுக்கும் நிம்மதி. களப்பயிற்சிக்கு மட்டும் இங்கே அனுப்பு, என் வீட்டில் தங்கட்டும்.

பொங்கலுக்கு வருகிறேன். அண்ணனிடம் அப்போது நானே பேசிக்கொள்கிறேன், அதுவரை நீ வாயைத் திறக்காதே.

அன்புடன்,
மீனா