பரங்கிமலை கண்டோன்மென்ட் அதிகாரிங்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் மவுண்ட் பக்கத்துலயே பொறந்து வளர்ந்தவ. கண்டோன்மென்ட்ல ஜனங்க குடியிருக்கற பகுதியை எல்லாம் பக்கத்து கார்ப்பரேஷன், முனிசிபாலிட்டியோட சேர்க்கற பேச்சு ஓடிட்டிருக்கு, அதனாலதான் இப்பவே எழுதறேன். ஆபீஸ் மாறுச்சுன்னா மொதல்ல பழைய பேப்பர்தான் மூட்டை கட்டி எடைக்குப் போகும். உங்க பீரோல எங்கயாவது லாக் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் கிடந்தா தயவுசெஞ்சு அதைப் போட்டுடாதீங்க.

லாக் ஆஸ்பத்திரின்னா நம்மள்ல பாதி பேருக்கு என்னன்னே தெரியாது. சோல்ஜருங்ககிட்ட போற பொண்ணுங்களை நோய்னு சொல்லி அடைச்சு வச்ச ஆஸ்பத்திரி அது. அந்தக் காலத்துல வெள்ளைக்கார சோல்ஜருங்கள்ல ரொம்ப கொஞ்சம் பேருக்குத்தான் பொண்டாட்டியோட இருக்க பர்மிஷன், மத்தவங்க பாரக்ஸ்ல இருந்து கிளம்பி பஜார் பக்கம் வருவாங்க, பொம்பளை நோய், அதாவது பால்வினை நோய் வந்து படுப்பாங்க, கப்பல்ல செலவு பண்ணி கொண்டுவந்த ஆளு இப்படி படுத்துட்டா சர்க்காருக்கு நஷ்டம். அதுக்கு அவங்க கண்ட வழி நம்ம பொண்ணுங்களைப் புடிச்சு வைக்கறது. 1864ல கண்டோன்மென்ட் சட்டம், 1868ல தொற்றுநோய் சட்டம். சோல்ஜர்கிட்ட போற பொண்ணு பேரைப் பதிஞ்சு சீட்டு வாங்கணும், சொன்ன நாள்ல டாக்டர் முன்னாடி போய் படுக்கணும், நோய் இருக்குன்னுட்டா குணமாகற வரைக்கும் ஆஸ்பத்திரியை விட்டு வெளிய வர முடியாது, போகலைன்னா அபராதம் இல்ல ஜெயில். பரங்கிமலை, திருச்சி, வெலிங்டன், பெங்களூர்னு பட்டாளம் இருந்த ஊர்ல எல்லாம் இதே கதைதான்.

எனக்கு ஆறவே ஆறாத விஷயம் ஒண்ணு. வெள்ளைக்காரன்கிட்ட போறவ மொத வகுப்பு, அவளுக்குத்தான் பதிவு, பரிசோதனை எல்லாம். நம்ம ஆளுங்ககிட்ட போறவ ரெண்டாவது வகுப்பு, அவளுக்கு நோய் வந்தா கேக்க நாதியில்ல. அப்போ வைத்தியம் யாருக்காக நடந்துச்சு? அந்தப் பொண்ணுங்களுக்காக இல்லவே இல்ல. சோல்ஜருக்கு சீட்டும் கிடையாது, ஓடினா ஜெயிலும் கிடையாது. அந்தப் பொண்ணுங்க பயந்து கண்டோன்மென்ட் எல்லையைத் தாண்டி ஓடிப்போறாங்கன்னு ஆபீசருங்களே வருஷாவருஷம் ரிப்போர்ட்ல புலம்பியிருக்காங்க.

1886ல ராணுவத் தலைமையில இருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு, ரெஜிமென்ட் பஜார்ல போதுமான பொண்ணுங்க இருக்கணும், பாக்க லட்சணமாவும் இருக்கணும்னு. அரிசி பருப்பு இண்டென்ட் போடற மாதிரி. அது லண்டனுக்குத் தெரிஞ்சு கலாட்டா ஆகி 1888ல பார்லிமென்ட்லயே எதிர்த்து தீர்மானம் போட்டாங்க, அதுக்கப்புறமும் இங்க முழுசா நிக்கல.

பழைய கல்லறைங்கள்ல ஆபீசருங்களுக்கு பேரு, ரேங்க், செத்த தேதி எல்லாம் பளிங்குல இருக்கு. இந்தப் பொண்ணுங்க பேரு எங்கயாவது இருக்கும்னா அது அந்த ரிஜிஸ்டர்லதான் இருக்கும். பேரை ஊருக்குக் காட்டச் சொல்லல, அவங்க வம்சம் இன்னும் இங்கயே இருக்கலாம். ஆனா அதை பத்திரமா எழும்பூர் ஆவணக் காப்பகத்துல ஒப்படைங்க. நாளைக்கு கண்டோன்மென்ட் வரலாறுன்னு போர்டு வச்சீங்கன்னா, பீரங்கிப் படை எப்போ வந்துச்சுன்னு எழுதற அதே போர்டுல லாக் ஆஸ்பத்திரியையும் எழுதுங்க, தமிழ்ல எழுதுங்க.