ஈரக் கரையில் ஏறாதீர்கள்

டெல்டாவில் மண்தடம் தேடி வண்டி ஓட்டும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

புரட்டாசி பாதி ஆகிவிட்டது. மழை தொடங்கியதும் சேற்றில் ஓட்டலாம் என்று சிலர் இப்போதே மண்ணைக் கவ்வும் பெரிய குமிழ்கள் வைத்த பட்டன் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள். போன வாரம் கும்பகோணத்தில் ஒரு டயர் கடையில் நின்ற இரண்டு பேர், அரசலாற்றுக் கரையில் எந்த இடத்தில் சேறு ஆழமாக இருக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கேயே சொல்லியிருக்கலாம். கடை வாசலில் நின்று சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை, அதனால் எழுதுகிறேன். ஐப்பசியிலிருந்து மார்கழி முடிய, கரை ஈரமாக இருக்கும்போது அதன்மேல் வண்டி ஏற்றாதீர்கள். ஆற்றங்கரையோ வாய்க்கால் கரையோ வரப்போ, எதுவானாலும்.

நானும் உங்களைப் போலத்தான். 2011இல் ஹீரோவின் மண்தட பைக் இம்பல்ஸ் வந்தபோது வாங்க வசதியில்லாமல் ஷோரூமில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். 2019இல் அதே ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது, அடுத்த வருடம் வாங்கிவிட்டேன். முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18, தரையிலிருந்து வண்டியின் அடிப்பாகம் வரை 220 மில்லிமீட்டர். புகைக்குழாய் மேலே தூக்கியிருக்கிறது. நின்றுகொண்டு ஓட்டினால் இடுப்புக்குக் கீழே வண்டி தானாக வளைந்து போகும், நம் உடம்பு அசையாது. முதல் தடவை காய்ந்த வாய்க்காலில் அப்படிப் போனபோது, சின்ன வயதில் சைக்கிளில் அங்கே போன ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த ஆசையை யாரும் விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

எங்களுக்கு வெட்டாற்றுப் பாசனத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர் நிலம் இருக்கிறது. ஆனாலும் 2021 ஐப்பசியில் நான் செய்ததைக் கேளுங்கள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு வெறித்திருந்தது. நாங்கள் மூன்று பேர், மூன்று வண்டி, பக்கத்து ஊர் வாய்க்கால் கரையில் இரண்டு கிலோமீட்டர் போனோம். ஒரு வளைவில் என் பின்சக்கரம் புதைந்து சுழன்றது. ஆக்சிலேட்டரை முறுக்கி ஏறி வந்தேன், நண்பன் படம் எடுத்தான். திரும்பவும் அதே வழிதான். ஒரு சாண் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. அது எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

நாலாம் நாள் ராத்திரி மறுபடியும் கொட்டியது. விடியற்காலையில் அந்த வளைவுக்குப் பக்கத்தில் உடைப்பு. நட்டு இருபது நாள் ஆன சம்பா ஆறு மாவுக்கு மூழ்கிக் கிடந்தது. மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் கொண்டு ஊரே அடைத்தது, நானும் மூட்டை தூக்கினேன். வேலை முடிந்து உட்கார்ந்தபோது ஒரு பெரியவர் மிச்சமிருந்த தடத்தைக் காலால் தடவிப் பார்த்தார். “நாங்க வயலத்தான் உழுவோம் தம்பி, நீங்க கரைய உழுதுட்டீங்க” என்றார். குரலில் கோபமே இல்லை. யார் வண்டி என்று அவருக்குத் தெரியும். என்னிடம் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

அந்த இடத்தில் எலி வளையும் இருந்தது. எங்கள் டயர் மட்டும்தான் உடைத்தது என்று சொல்ல முடியாது. ஆனால் கரை எப்படிப் போகிறது என்பதை அன்றுதான் கவனித்துப் பார்த்தேன்.

நம் ஊர் வாய்க்கால் பெரும்பாலும் வயலைவிட உயரத்தில் ஓடுகிறது. அதனால்தான் மதகைத் திறந்தால் பம்பு இல்லாமல் தண்ணீர் தானாகப் பாய்கிறது. வயலின் தலைக்கு மேலே நிற்கும் தண்ணீரைத் தாங்குவது அந்த மண் கரை மட்டுமே. கரையைப் பிடித்து வைத்திருப்பது அருகம்புல்லும் கோரையும். பட்டன் டயர் முதலில் கிழிப்பது அந்த வேரைத்தான். அப்புறம் தடத்தில் மழைத் தண்ணீர் நிற்கிறது. காய்ந்த களிமண் கல் மாதிரி இருக்கும், ஊறிய களி வெண்ணெய். தடம் நீளமாக இருப்பதால் தண்ணீர் அதிலேயே ஓடி, எங்கே கரை தாழ்ந்திருக்கிறதோ அங்கே வழிந்து சரிவை அரிக்கும். வழியில் ஒரு எலி வளையோ நண்டு வளையோ இருந்துவிட்டால் போதும். வரப்பு சின்னது, ஆனால் அதற்கும் இதே கதைதான். நடவுக்கு முன்னால் அண்டை வெட்டி, சேறு பூசி, கையால் தடவி வைத்த வரப்பை ஒரு வண்டி ஒரு நிமிடத்தில் சாய்த்துவிடும்.

எக்ஸ்.எல். போகிறதே, டிராக்டர் போகிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டி.வி.எஸ். எக்ஸ்.எல்.தான் டெல்டாவின் முதல் மண்தட வண்டி. உர மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஒரு முழ அகலக் கரையில் போகும். ஆனால் அதன் டயரில் பட்டன் இல்லை. சக்கரத்தைச் சுழலவிட்டு மண்ணை வாரி இறைக்கிற சக்தியும் இல்லை. மழை பெய்தால் அதை ஓட்டுகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறார், கவனித்துப் பாருங்கள். டிராக்டர் கரையைக் கெடுப்பது உண்மை. கெடுத்தவர் மறுநாள் மண்வெட்டியோடு வருவார், அவருக்கு அதே வாய்க்காலில் வயல் இருக்கிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை வந்து போகிறவர்கள்.

சரி, வண்டிக்கு வருகிறேன். பணம் எதில் செலவழிக்கிறீர்கள் என்பதும் இதோடு சேர்ந்ததுதான்.

நம் ஊருக்கு முழுப் பட்டன் டயர் தேவையில்லை. மண்ணுக்குப் போகுமுன் பத்து இருபது கிலோமீட்டர் தார்ச்சாலையில் போக வேண்டும். ஈரத் தாரில் அந்த டயர் பிடிக்காது, திருப்பத்தில் வழுக்கிவிடும். பாதி ரோடு பாதி மண் என்று விற்கிற டயரே தாராளம். டயரைவிடக் காற்றுதான் முக்கியம். சாலையில் 25 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைத்திருக்கும் காற்றை மணலில் இறங்கும்போது 18க்குக் குறைப்பேன். டயர் தட்டையாகி மணல்மேல் மிதக்கும், சுழன்று தோண்டாது. அதற்கும் கீழே போனால் கல்லில் அடிபட்டு ட்யூப் கிள்ளிக்கொள்ளும். திரும்பும்போது அடிக்க ஒரு கைப்பம்பு வேண்டும். காற்றை அளக்கும் கேஜும் பம்பும் சேர்த்து ஒரு டயரின் விலையில் கால் பங்குகூட ஆகாது.

அடுத்தது ஸ்ப்ராக்கெட், செயின் ஓடும் பல்சக்கரம். முன்னால் ஒரு பல் குறைப்பது, பின்னால் மூன்று பல் கூட்டுவதற்கு ஏறக்குறையச் சமம், செலவும் குறைவு. முதல் கியரில் நடக்கிற வேகத்தில் கிளட்ச் பிடிக்காமல் போகலாம். நெடுஞ்சாலையில் எஞ்சின் கொஞ்சம் கத்தும், அவ்வளவுதான். மெதுவாக உருளும் சக்கரம் மண்ணைப் பறிக்காது. எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் எல்லாவற்றையும்விடப் பிடித்தது. நின்று ஓட்டுவதற்கு ஹேண்டில்பாரை ஓர் அங்குலம் உயர்த்துங்கள். அடியில் ஒரு தகடு, கைக்கு ஒரு கார்டு போடுங்கள், கருவேல முள் விரலைக் கிழிக்காது. மேல் பெட்டி, பக்கப் பெட்டி, நாலு விளக்கு என்று ஏற்றாதீர்கள். நூற்றைம்பது கிலோவுக்குச் சற்று மேலே இருக்கிற வண்டி இது. வாய்க்காலில் சாய்ந்தால் தனியாளாகத் தூக்க முடிவதுதான் இதன் அழகு.

அறுவடைக் காலத்தில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், அறுவடை மிஷின் கிளப்பும் தூசியும் சண்டும் அடைத்துவிடும். வைக்கோல் பின்சக்கர அச்சில் சுற்றிக்கொண்டு செயினை இழுக்கும். நிறுத்தும்போதெல்லாம் குனிந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

சைலன்சரை மட்டும் தொடாதீர்கள். சின்ன எஞ்சினில் திறந்த சைலன்சர் போட்டால் சத்தம் கூடும், கீழ் வேகத்தில் இழுவை குறையத்தான் வாய்ப்பு அதிகம். மண்ணில் நமக்கு வேண்டியதே அந்தக் கீழ் இழுவைதான். கட்டிப்போட்ட கறவை மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு மிரள்வதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தச் சத்தமே பிடிக்காமல் போயிற்று. சட்டமும் இருக்கிறது. தயாரித்தவர் கொடுத்த அடிப்படை அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று உச்சநீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். எது கூடும் எது கூடாது என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

தை பிறந்தால் மழை நிற்கும், அறுவடை முடிந்து வயல் காலியாகத் தெரியும். அது காலி இல்லை. சம்பா அறுக்க ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே, வயலில் இருக்கிற ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்திருப்பார்கள். அறுத்த தாளுக்கு நடுவே விரல் உயரத்தில் முளைத்திருக்கும், ஹெல்மெட் கண்ணாடி வழியாக அது தெரியவே தெரியாது. நெல்லில் நஷ்டப்பட்டவருக்குக் கையில் மிஞ்சுவது அந்த உளுந்துதான். பங்குனி வரை வயலில் இறங்காதீர்கள்.

நாகப்பட்டினம், தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் கடற்கரை மணலுக்குப் போகிறவர்களும் தை முதல் பங்குனி வரை அந்த மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குனி ஆமை என்கிற கடலாமை கரையேறி முட்டையிடும் காலம் அது. முட்டை மணலுக்குள் ஒன்றரை அடி ஆழத்தில் கிடக்கும். பொரிந்து வரும் குஞ்சு கடலைப் பார்த்து நகரும்போது நம் டயர் தடத்தில் விழுந்தால் ஏற முடியாது. நமக்கு அது நாலு விரல் ஆழம், அதற்கு அகழி. கோடியக்கரை சரணாலயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வெளிமான் மேயும் இடத்தில் நமக்கு வேலை இல்லை.

அப்படியானால் எப்போதுதான் ஓட்டுவது? சித்திரையும் வைகாசியும். உளுந்து எடுத்தாகிவிடும், வாய்க்கால் காய்ந்திருக்கும், கரை இறுகியிருக்கும். ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறந்தால் மூன்று நாலு நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும், அதற்குள் இரண்டு மாதம் முழுசாக நம்முடையது. கொள்ளிடம் மணலில் இறங்குவதாக இருந்தால் தனியாகப் போகாதீர்கள், மணல் அள்ளிய பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், ஆழம் தெரியாது. அணைக்கரைக்குக் கீழே முதலையும் உண்டு. எந்தக் கரையில் ஏறுவதானாலும் அங்கே நிற்கிற லஸ்கரையோ (வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர்) வயலில் நிற்கிறவரையோ ஒரு வார்த்தை கேளுங்கள். நான் கேட்க ஆரம்பித்த பிறகு வேண்டாம் என்று சொன்னவர்கள் குறைவு. இந்த வழி போகாதே, அந்தப் பக்கம் புளியமரத்தடி வழியாகப் போ என்று எனக்குத் தெரியாத தடங்களைக் காட்டியவர்கள்தான் அதிகம்.

இப்போது என் வண்டியின் பின்கேரியரில் கைப்பிடி வெட்டிய ஒரு சின்ன மண்வெட்டி கட்டியிருக்கிறேன். கோடையிலும் எங்காவது சக்கரம் தோண்டிவிட்டால் இறங்கி மண் தள்ளி மிதித்துவிட்டுத்தான் கிளம்புவேன். வருகிற சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்தரைக்குக் கல்லணைக்கு வாருங்கள். கேஜும் பம்பும் என்னிடம் இருக்கின்றன. மண்வெட்டி ஒன்றுதான் இருக்கிறது, முடிந்தால் இன்னொன்று கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
வெட்டாற்றுப் பாசனத்திலிருந்து உங்கள் அண்ணன்