‘கூகுளில் முதல் இடம்’ என்று விற்கிறார்களே, அதைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில், சிறு கடைக்காரர்கள் எல்லாரும் இணையத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தீர்கள். நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே பக்கத்தின் கீழ் மூலையில் ‘90 நாளில் கூகுளில் முதல் இடம், 100 சதவீத உத்தரவாதம்’ என்று ஒரு வரி விளம்பரம் இருந்ததே, அதை நீங்கள் யாராவது பார்த்தீர்களா? இந்த மாதிரி உத்தரவாதத்துக்குப் பணம் கட்டிவிட்டு முழித்தவன் நான், அதனால்தான் எழுதுகிறேன்.

நாச்சியார்கோவிலில் எனக்குக் குத்துவிளக்குக் கடை. அப்பா காலத்துக் கடை. போன வருஷம் ஆடி மாதம், முகூர்த்தம் எதுவும் இல்லாமல் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு போன் வந்தது. “சார், கூகுள்ல இருந்து பேசறோம்” என்றுதான் ஆரம்பித்தார்கள், இரண்டு நிமிஷம் கழித்து அது ‘கூகுளோட பார்ட்னர்’ ஆகிவிட்டது. ஆறு மாதத்துக்கு 24,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 28,320 ரூபாய். கட்டினேன். ஒரு மாதம் கழித்து டை கட்டிய ஒரு பையன் கடைக்கே வந்து, என் கண் முன்னாலேயே தன் போனில் எங்கள் கடைப் பெயரைத் தட்டிக் காட்டினான். முதலில் எங்கள் கடைதான் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

தீபாவளிக்கு வந்த என் அக்கா மகள் (சென்னையில் ஐடி வேலை) இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. “மாமா, உங்க கடைப் பேரையே போட்டுத் தேடினா உங்க கடை வராம பக்கத்துக் கடையா வரும்? கடைப் பேர் தெரிஞ்சவர் ஏன் கூகுள்ல தேடறார்? ‘மூணு அடி குத்துவிளக்கு விலை’ன்னு தேடறவருக்கு நீங்க வரணும்.” தேடிப் பார்த்தோம். நாலு பக்கம் தள்ளியும் நாங்கள் இல்லை.

அப்புறம் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். ‘மெட்டா கீவேர்டு 200’ என்று ஒரு வரி. தளத்தைப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே எழுதி வைக்கும் குறிச்சொற்கள் அவை. இந்தக் குறிச்சொற்களைத் தரவரிசைக்குப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டதாம். ‘பேக்லிங்க் 500’ என்று அடுத்தது. ஒரு தளத்துக்கு எத்தனை பேர் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து மதிப்புப் போடுவது கூகுள் பிறந்ததிலிருந்தே இருக்கும் வழக்கம், அதனால் காசு கொடுத்து இணைப்பு வாங்கும் தொழிலும் கூடவே வளர்ந்துவிட்டது. அதைப் பிடிக்கத்தான் 2012-ல் ‘பெங்குவின்’ என்ற மாற்றத்தைத் தேடல் முறையில் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்தைய வருஷமே அமெரிக்காவில் ஜேசி பென்னி என்ற பெரிய கடையின் இந்தக் குட்டு பத்திரிகையில் வெளியாகி, முதல் இடங்களில் இருந்த அவர்களைக் கூகுள் பல பக்கம் தள்ளிக் கீழே இறக்கியது. அவர்கள் ‘எங்களுக்குத் தெரியாமல் நடந்தது’ என்று சொல்லி, தங்களுக்கு இந்த வேலையைப் பார்த்த ஏஜென்சியை நீக்கினார்கள். அவ்வளவு பெரிய கடைக்கே அந்தக் கதி, நான் எம்மாத்திரம்.

மூன்றாவது வரிதான் எனக்கு மானக்கேடு. ‘ரிவ்யூ 40’. ஒரே ராத்திரியில் நாற்பது பேர் ஐந்து ஸ்டார் போட்டிருக்கிறார்கள், ஒருத்தரும் என் வாடிக்கையாளர் இல்லை. அதில் ஒருவர் ‘பிரியாணி அருமை, ஃபேமிலியோடு வரலாம்’ என்று எழுதியிருக்கிறார். விளக்குக் கடைக்கு! பொய் ரிவ்யூவைக் கட்டுப்படுத்த நம் அரசாங்கமே 2022-ல் ஐஎஸ் 19000 என்று ஒரு தர நிர்ணயம் கொண்டுவந்திருக்கிறது. கொண்டுவந்தபோது அது கட்டாயம் இல்லை, விருப்பப்பட்டவர்கள் பின்பற்றலாம் என்று விட்டதுதான் வேடிக்கை.

இதைவிட மோசம் ஒன்று. கூகுள் மேப்பில் வரும் அந்தக் கடைப் பக்கம், அதைத் தொடங்க ஒரு பைசா கட்டணம் கிடையாது. அதை அவர்கள் தங்கள் ஈமெயிலில் தொடங்கியிருந்தார்கள். ஆறு மாதம் முடிந்து நான் புதுப்பிக்க மாட்டேன் என்றதும், பக்கத்தில் இருந்த என் போன் நம்பர் மாறிப்போனது. கேட்டால் “சிஸ்டம் எரர் சார்”. கடைக்குப் பெயர்ப்பலகை எழுத வந்தவன் கடைச் சாவியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போன மாதிரி. உரிமை கேட்டுக் கூகுளுக்கு விண்ணப்பித்து, தெருவையும் போர்டையும் கடை உள்ளேயும் வீடியோ எடுத்து அனுப்பி, அலைந்து திரும்ப வாங்கினோம். வேலை செய்பவரை ‘மேனேஜர்’ என்று மட்டும் சேர்த்துவிட்டு ‘ஓனர்’ இடத்தில் நம் ஈமெயிலை வைத்திருந்தால் இந்தப் பாடே இல்லை.

இதையெல்லாம் சொல்வதால் எஸ்இஓ (தேடலில் ஒரு தளத்தை மேலே கொண்டுவரும் வேலை) என்பதே மோசடி என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். முறையாக மாதச் சம்பளத்துக்குச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுத்து மேலே வருவதும் தப்பில்லை, அதில் ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருக்கும், உங்கள் பேப்பரில் செய்தி வேறு விளம்பரம் வேறு என்பது போலத்தான். ஆனால் விளம்பரம் இல்லாத இடத்தில் முதலிடம் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது, இதைக் கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. மேப்பில் யார் முதலில் என்பது தேடியதற்கும் கடைக்கும் எவ்வளவு பொருத்தம், தேடுகிறவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார், கடை எவ்வளவு பேர் பெற்றது என்பதையெல்லாம் வைத்து மாறும். கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவருக்கு வரும் பட்டியல் தாம்பரத்தில் நிற்பவருக்கு வராது. பிறகு ‘முதல் இடம்’ என்று எதை விற்கிறார்கள்?

அக்கா மகள் கடைசியில் செய்தது ரொம்பச் சாதாரண வேலை. வாடிக்கையாளர் போனில் திரும்பத் திரும்பக் கேட்பதை எழுதி வைக்கச் சொன்னாள். எத்தனை அங்குலத்துக்கு எத்தனை கிலோ வரும், மேலே இருக்கும் அன்னம் மரை போட்டதா, கழற்றி மாட்டலாமா, பார்சலில் நசுங்காமல் வருமா. பதிலைத் தமிழிலும் இங்கிலீஷிலும் போட்டோம், ஊர்ப் பெயரைக் கோயில் என்றும் கோவில் என்றும் இரண்டு விதமாகவும். தட்டு, தண்டு, அடி எல்லாவற்றையும் பிரித்து வைத்து என் போனிலேயே படம் எடுத்தோம். கடை திறக்கும் நேரத்தைச் சரி செய்தோம். செலவு, நாலு மத்தியான நேரம். தை முகூர்த்தத்துக்கு ஓசூரிலிருந்து ஒருவர் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசி இரண்டு ஜோடி வாங்கினார்.

உங்களிடம் கேட்பது இதுதான். ‘உத்தரவாதம்’ என்று வரும் விளம்பரத்தை வாங்கும்போது என்ன உத்தரவாதம் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த இணைப்பில், மேப்பில் கடையைப் பதிய காசு வேண்டாம், ஈமெயிலும் பாஸ்வேர்டும் கடைக்காரர் கையில் இருக்கட்டும், ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது என்று ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எங்கள் தெருவிலேயே அதே போன் இன்னும் மூன்று கடைக்கு வந்திருக்கிறது, ஒருவர் முன்பணமும் கட்டிவிட்டார்.

அந்தப் பிரியாணி ரிவ்யூவை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை கூகுளில் புகார் செய்துவிட்டேன். இன்னும் அப்படியே இருக்கிறது.

இப்படிக்கு,
குத்துவிளக்கு வியாபாரி ஒருவர்,
நாச்சியார்கோவில்.