29 வயதில் கிளவுஸ் மாட்டும் தங்கச்சிக்கு

தங்கச்சி,

"பாக்ஸிங் இப்ப ஆரம்பிச்சா ரொம்ப லேட்டாண்ணா?" என்று கேட்டிருந்தாய். ஒரு தம்ஸ்அப் போட்டுவிட்டு நகர மனமில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் விதி. அமெச்சூர், அதாவது தொழில்முறை அல்லாத, குத்துச்சண்டையில் எலீட் எனப்படும் பெரியவர்கள் பிரிவு 19 வயதில் தொடங்கி 40இல் முடிகிறது. மேரி கோமுக்கு இன்னும் ஆட ஆசை இருந்தும் குறுக்கே நின்றது அந்த 40தான். உனக்கு இன்னும் பதினோரு வருடம் இருக்கிறது, ஆகவே "இந்த வயசுலயா?" என்று கேட்கிற ஆபீஸ்காரர்களை விட்டுத்தள்ளு.

ஆனால் ரிங்குக்குள் கணக்கு வேறு. எதிரே நிற்கப்போகிறவள் பத்து, பன்னிரண்டு வயதிலேயே கையில் துணி சுற்ற ஆரம்பித்திருப்பாள், உன் தோள் லேசாக அசைந்தாலே அடுத்து ஜாப் (நேராக நீட்டும் குத்து) வருகிறதா ஹூக் (பக்கவாட்டுக் குத்து) வருகிறதா என்று அவள் உடம்புக்கே தெரியும், யோசிக்க வேண்டியதில்லை. பலத்தையும் மூச்சையும் ஒன்றிரண்டு வருடத்தில் ஏற்றிவிடலாம். இதை அப்படி ஏற்ற முடியாது.

அப்புறம் தாமதமாக வந்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள்? நான் பார்த்தவரை, ஜிம்முக்குள் வரும்போதே ஏதோ ஒன்றைக் கையோடு கொண்டுவந்தவர்கள்தான் ஜெயித்திருக்கிறார்கள். டியான்டே வைல்டர் அலபாமாவில் ஜிம் வாசலை மிதித்தபோது வயது 20, முதுகெலும்புக் குறைபாட்டோடு பிறந்த மகளின் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. மூன்றே வருடத்தில் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம், 2015இல் ஹெவிவெயிட் பட்டம். அவர் கொண்டுவந்தது இடி மாதிரி இறங்கும் அந்த வலது கை. அதைத் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை என்று 2020இல் அவரை வீழ்த்திய டைசன் ஃபியூரி காட்டிவிட்டார் (வைல்டர் ரசிகர்கள் என்னோடு சண்டைக்கு வரலாம், பரவாயில்லை).

எனக்குப் பிடித்தவர் செர்ஜியோ மார்ட்டினெஸ். அர்ஜென்டினாக்காரர், சைக்கிள், கால்பந்து என்று சுற்றிவிட்டு 20 வயதில்தான் கிளவுஸ் மாட்டினார். 2000இல் லாஸ் வேகஸில் மார்கரிட்டோவிடம் ஏழாவது ரவுண்டில் தோற்றார், பிறகு ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தார், கடைசியில் கெல்லி பாவ்லிக்கை வென்று மிடில்வெயிட் சாம்பியன் ஆனபோது அவருக்கு 35. அந்தச் சண்டைகளை யூடியூபில் பார், கை இரண்டும் இடுப்போரம் தொங்கும், காலை மட்டும் நம்பி உள்ளே போவார், வெளியே வருவார்.

உன்னிடமும் அந்தக் கால் இருக்கிறது. கல்லூரியில் நீ கபடி ரெய்டர். எதிராளியின் கைக்கு எட்டாத தூரத்தில் நிற்பது, அவள் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பார்ப்பது, தொட்ட மறுகணம் பின்னால் வந்துவிடுவது, இதெல்லாம் உனக்கு ஏற்கெனவே பழக்கம். ஆகவே கோச்சிடம் முதலில் ஜாபையும் காலையும் மட்டும் கேட்டு வாங்கு. கோச் கையில் பிடிக்கும் பேடைக் குத்தும் வீடியோ இன்ஸ்டாவில் அழகாகத்தான் இருக்கும், அது பிறகு.

இனி நான் பயப்படுகிற விஷயம். தாமதமாக வருகிறவர்களுக்கு ஒரு அவசரம் உண்டு, விட்டுப்போன பத்து வருடத்தை ஸ்பாரிங் (ஜிம்முக்குள் நடக்கும் பயிற்சிச் சண்டை) போட்டே பிடித்துவிடலாம் என்று நினைப்பார்கள். வாரம் நான்கு நாள் தன்னைவிடக் கெட்டிக்காரர்களிடம் தலையில் வாங்கிக்கொண்டு, அதற்குத் தைரியம் என்று பேரும் வைத்துக்கொள்வார்கள். புரூக்ளினைச் சேர்ந்த ஹெதர் ஹார்டியைத் தெரிந்துகொள். தனியாக மகளை வளர்த்தவர், 28 வயதில் ஆரம்பித்து, 30இல் தொழில்முறைக்கு வந்து, தன் சண்டைக்கான டிக்கெட்டைத் தானே விற்று, 2018இல் உலகப் பட்டமும் வென்றார். 2024இல் மூளை பாதிப்பால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. அவர் தாமதமாக வந்ததால்தான் இப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தலை வாங்கிய அடியெல்லாம் ஒரே கணக்கில்தான் சேர்கிறது, ஜிம்மில் வாங்கியதும் மேடையில் வாங்கியதும் அதற்கு ஒன்றுதான்.

அதனால் முதல் ஆறு மாதம் தலைக்கு ஸ்பாரிங் வேண்டாம். உடம்புக்கு மட்டும், அதுவும் லேசாக. அப்புறமும் வாரம் ஒரு தடவை போதும், ஹெட்கார்டு போட்டாலும் மூளை உள்ளே குலுங்கத்தான் செய்யும், அது வெட்டுக்காயத்தைத்தான் தடுக்கும். அடி பட்டு ஒரு மாதிரி மந்தமாக இருந்தால் கோச் என்ன சொன்னாலும் அன்றைக்கு இறங்கிவிடு, டாக்டரைப் பார். "இதெல்லாம் சகஜம்மா" என்று சிரிக்கிற கோச்சாக இருந்தால் ஜிம்மை மாற்று.

பணத்தைப் பற்றிப் பெரிதாகப் பேச ஒன்றுமில்லை, வேலையை விடாதே. முதலில் ஒரே ஒரு அமெச்சூர் சண்டை, மூன்று மூன்று நிமிடமாக மூன்று ரவுண்ட். அதில் ஏறி இறங்கிவிட்டு வா, தொழில்முறையைப் பற்றி அப்போது பேசலாம்.

கிளவுஸ் வாங்கிவிட்டேன் என்றாய், சரி. மவுத்கார்டைக் கடையில் வாங்காதே, பல் டாக்டரிடம் அச்செடுத்துச் செய்துகொள், அந்தச் செலவு என்னுடையது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அண்ணன்