மொன்றியல் கோல்கீப்பர் ஹலாக் விஷயத்தில் நீ சொன்னது பாதி சரி

அன்பின் மச்சான்,

நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. நீயும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் பிறந்தநாளுக்குக்கூட நான் போன் எடுக்கவில்லை. பிறகு எடுக்கலாம், பிறகு எடுக்கலாம் என்று எட்டு மாதம் போய்விட்டது. மன்னித்துக்கொள். நீயும் ஒரு வரி எழுதவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

சின்னவளைப் பற்றித்தான் எழுதுகிறேன். போன வருடம் அவளுடைய ஐஸ் ஹொக்கி அணியில் கோல் காக்க ஒருவரும் முன்வராதபோது இவள் கை தூக்கினாள் என்று சொன்னேன் அல்லவா? இந்த வருடமும் அவள்தான். அணி அட்டவணையில் கடைசி. பருவ முடிவில் தோற்றால் வெளியேறும் பிளேஓஃபில் முதலில் எதிர்த்தது பருவம் முழுக்க ஒரே ஒரு முறை தோற்றிருந்த அணி. போகும் வழியில், தோற்றால் என்ன சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டே கார் ஓட்டினேன்.

2-1 என்று வென்றார்கள் மச்சான். முதல் பத்து நிமிடம் பக், அந்த ரப்பர் வட்டு, எங்கள் பக்கத்தை விட்டு அசையவே இல்லை. இவள் வலைக்கு முன்னால் உள்ள நீல அரைவட்டத்தை விட்டு ஓரடி முன்னால் வந்து நிற்கிறாள், அடிப்பவளுக்கு வலை தெரியாதபடி. பக் வர முழங்கால் இரண்டையும் உள்ளே மடக்கி விழுகிறாள், தட்டி மூலைக்கு அனுப்புகிறாள், எழும்புகிறாள். திரும்பவும் வருகிறது. திரும்பவும் விழுகிறாள். பத்து நிமிடம் முடிந்தபோது எதிரணிப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று கண்டேன். அவர்களுடைய அடிகள் அவசரமாயின. நல்ல இடத்துக்கு வரும்வரை பொறுக்காமல் தூரத்திலிருந்தே அடித்தார்கள். எங்கள் பிள்ளைகள் மெல்ல மெல்ல நிமிர்ந்தார்கள்.

அந்த நேரம் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. மொன்றியலில் அந்த பேஸ்மென்ற், கால் ஆடும் சோபா, குட்டியண்ணன் போட்டிருந்த ஹலாக்கின் 41ஆம் இலக்கச் சட்டை. 2010 ஏப்ரல்.

நீயும் நானும் அன்றிலிருந்து இன்றுவரை சண்டை பிடிக்கிற விஷயம் அது. வாஷிங்டன் அணி அந்தப் பருவத்தில் 121 புள்ளி எடுத்து NHL லீக்கிலேயே முதலிடம், அதிக கோல் போட்டதும் அவர்கள்தான். மொன்றியல் 88 புள்ளியோடு எட்டாவதாகப் பிளேஓஃபுக்குள் நுழைந்தது. நான்கு ஆட்டம் முடிய, தொடரில் வாஷிங்டன் 3-1 என்று முன்னால். நான்காவது ஆட்டத்தில் ஹலாக்கை வெளியே உட்காரவைத்து மற்றக் கோல்கீப்பர் கேரி பிரைஸை நிறுத்தியதற்கு நீ தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தியது இன்னும் காதில் கேட்கிறது. ஐந்தாவது ஆட்டத்தில் ஹலாக் திரும்ப வந்தார். ஆறாவதில் கோலை நோக்கி வந்த அடிகள் 54, தடுத்தது 53. ஏழாவதில் 42க்கு 41. கடைசி மூன்று ஆட்டத்திலும் சேர்த்து 134 அடியில் உள்ளே போனது மூன்றே மூன்று. 2003இல் இளம் வீரர்களைத் தெரிவு செய்தபோது 271ஆவதாக எடுக்கப்பட்ட, ஆறடிகூட இல்லாத ஒரு மனிதர் நட்சத்திர வீரர் ஒவெச்கினின் வாஷிங்டனை வீட்டுக்கு அனுப்பினார்.

நான் சொன்னேன்: தனி ஒருவன் வென்ற தொடர். நீ சொன்னாய்: "தடுப்பு வீரர்கள் ஹால் கில்லைப் பார், கோர்ஜஸைப் பார், ஒவ்வொரு அடிக்கும் முன்னால் உடம்பைப் போட்டு விழுகிறார்கள்." வாஷிங்டனுக்குக் கிடைத்த 33 பவர்பிளேயில், அதாவது எதிரணியில் ஆள் குறைந்து நிற்கும் நேரங்களில், ஒரே ஒரு கோல் விழுந்ததற்கு ஹலாக் மட்டுமா காரணம் என்று கேட்டாய். நான் கோபத்தில் எழும்பி வெளியே போனேன். அன்று அவருக்கு முன்னால் வேறு யாரையும் பார்க்க எனக்கு மனமில்லை.

சின்னவளின் அந்த 2-1 ஆட்டத்தில்தான் எனக்கு அது விளங்கியது. இரண்டாம் பகுதியில் எங்கள் அணியில் ஒரு குட்டிப் பிள்ளை, பெரிய அடிக்கு முன்னால் போய் அப்படியே ஐஸில் படுத்தாள். அடுத்த முறை இன்னொருத்தி படுத்தாள். முன்னைய ஆட்டங்களில் அவர்கள் இப்படிச் செய்ததே இல்லை. ஏன் செய்தார்கள்? பின்னால் ஒருத்தி நிற்கிறாள், தாங்கள் ஒன்றைத் தடுத்தால் மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள் என்று தெரிந்ததால். முதல் அடியே உள்ளே போயிருந்தால் ஒருவரும் விழுந்திருக்க மாட்டார்கள். அதனால் நீ சொன்னதும் உண்மை, நான் சொன்னதும் உண்மை. கில்லும் கோர்ஜஸும் விழுந்தார்கள், ஆனால் விழுவதற்கு ஒரு பயன் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டியவர் ஹலாக். பதினைந்து வருடத்துக்கு மேலாக நான் விட்டுக்கொடுக்காத இடத்தில் பாதியை உனக்குத் தருகிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்.

நீ இன்னொன்றும் சொல்வாய், ஏழு ஆட்டத் தொடரில் பலமான அணிதான் கடைசியில் வெல்லும் என்று. அதில் மட்டும் நான் அசையமாட்டேன். ஒரு ஆட்டத்துக்கு 30 அடி வருகிறது என்று வை. நூற்றுக்குத் தொண்ணூறு தடுப்பவர் மூன்று கோல் விடுவார். தொண்ணூற்று நான்கு தடுப்பவர் இரண்டுக்கும் குறைவாக விடுவார். ஒரு அணி சராசரியாக மூன்று கோல் அளவில் போடுகிற விளையாட்டில் ஒரு கோல் என்பது முழு ஆட்டம். வேறெந்த இடத்தில் நிற்கும் வீரனாலும் இதைச் செய்ய முடியாது. எவ்வளவு பெரிய நட்சத்திரமானாலும் ஒரு நிமிடம் ஓடிவிட்டு மூச்சு வாங்க வாங்கில் வந்து உட்கார வேண்டும். கோல் காப்பவர் மட்டும் அறுபது நிமிடமும் அங்கேயே. மேலதிக நேரம் போனால் அதுவும் அவருக்குத்தான்.

2003இல் அனஹைம் கோல்கீப்பர் ஜிகேர் செய்ததைப் பார். நடப்புச் சாம்பியன் டெட்ரோயிட், இவருக்கு வாழ்க்கையில் முதல் பிளேஓஃப் ஆட்டம், மூன்றாவது மேலதிக நேரம்வரை போனது, 63 தடுப்பு. நான்கு நேர் ஆட்டத்தில் டெட்ரோயிட் வெளியே. பிறகு டாலஸ். பிறகு மினசோட்டா, அதில் நான்கு ஆட்டத்திலும் சேர்த்து அவர் விட்டது ஒரே ஒரு கோல்! ஏழாவது இடத்திலிருந்து வந்த அனஹைம் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம்வரை போய் நியூ ஜேர்சியிடம் 3-0 என்று தோற்றது. தோற்ற அணியில் இருந்தும் பிளேஓஃபின் சிறந்த வீரருக்கான கொன் ஸ்மைத் கோப்பையை ஜிகேருக்குக் கொடுத்தார்கள். அதை வாங்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சின்னவளுக்கு அந்தக் காணொளியைக் காட்டினேன். "இவருக்கு ஏன் சந்தோஷம் இல்லை?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியாமல் நிறுத்திவிட்டேன்.

2023இல் 65 ஆட்டம் வென்ற பொஸ்ரனை ஃப்ளோரிடா விழுத்திய இரவு நீ அனுப்பிய ஒற்றைச் சொல் செய்தியை நான் அழிக்கவில்லை. அந்தத் தொடரில் ஃப்ளோரிடா கோல்கீப்பரை நடுவில் மாற்றினார்கள், ஆறாவது ஆட்டம் 7-5 என்று முடிந்தது, ஆகவே கோல்கீப்பர் இல்லாமலும் அதிசயம் நடக்கும் என்பது உன் வாதம். சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மாற்றி உள்ளே வந்த பொப்ரோவ்ஸ்கி தன் இடத்தை இழந்து வாங்கில் இருந்தவர். குளிர்ந்த கையோடு வந்து அந்த அணியை எதிர்கொள்வது என்ன என்று கோல் காத்த உனக்குத் தெரியாதா?

இப்போதுதான் நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன்.

அடுத்த சுற்றில் 7-1 என்று தோற்றார்கள். முதல் கோல் ஒன்றுமில்லாத அடி, தூரத்திலிருந்து வந்து அவளுடைய தடிக்கும் காலுக்கும் நடுவால் போனது. அதற்குப் பிறகு அவள் அரைவட்டத்துக்கு உள்ளேயே நின்றாள், முன்னால் வரவே இல்லை. ஆட்டம் முடிந்து கைகொடுக்கும் வரிசையில் தலையைக் குனிந்தபடி போனாள். காரில் ஒரு வார்த்தை இல்லை. ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பையைத் திறந்து கால் பட்டைகளை, கையுறைகளை, முகமூடியை ஒன்றொன்றாக எடுத்துக் காயவைப்பாள், எவ்வளவு நேரமானாலும். அன்று பை மூடியபடியே கராஜில் கிடந்தது. மறுநாளும் கிடந்தது. மூன்றாம் நாள் நான் திறந்து காயவைத்தேன். கால் பட்டையின் உட்பக்கத்தில் முதல் வெற்றியின் திகதியைப் பேனாவால் எழுதி வைத்திருந்தாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டேன் மச்சான்.

நான் சொல்லிப் பார்த்தேன். ஹலாக் வாஷிங்டனையும் நடப்புச் சாம்பியன் பிட்ஸ்பர்க்கையும் வென்றுவிட்டு, அடுத்த தொடரின் முதல் ஆட்டத்திலேயே பிலடெல்பியாவிடம் 6-0 தோல்வியில் இடையில் வெளியே எடுக்கப்பட்டார் என்று சொன்னேன். ஜூனில் அவரை சென்ட் லூயிஸுக்கு மாற்றிவிட்டார்கள், குட்டியண்ணன் இரண்டு நாள் சாப்பிடவில்லை, அதைச் சொல்லவில்லை.

டெட்ரோயிட் கோல்கீப்பர் ஒஸ்குட்டைப் பற்றியும் சொன்னேன். 1994, மீண்டும் டெட்ரோயிட், மேற்குப் பிரிவில் முதலிடம். எதிரே, அதற்கு முந்தைய பருவத்தில் 71 ஆட்டம் தோற்றிருந்த சான் ஹோசே, கோலில் லற்வியாக்காரர் இர்பே. ஏழாவது ஆட்டம், கடைசி நிமிடங்கள், 21 வயது ஒஸ்குட் வலையை விட்டு வெளியே வந்து பக்கைத் தட்டுகிறார், அது நேரே சான் ஹோசேயின் ஜேமி பேக்கரிடம் போகிறது, வெற்று வலை, கோல். ஆட்டத்துக்குப் பிறகு உடைமாற்றும் அறையில் அவர் அழுதார். நாம் எப்போதும் இர்பே பக்கத்தையே பார்த்துக் கைதட்டினோம். மற்ற வலையில் நின்ற பையனை யார் பார்த்தார்கள்? அதே ஒஸ்குட் பிறகு டெட்ரோயிட்டோடு 1997, 1998, 2008 என்று மூன்று ஸ்டான்லி கோப்பை. 98இலும் 2008இலும் கோலில் நின்று வென்றார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அவர்கள் பெரியவர்கள் அப்பா" என்றாள். அவ்வளவுதான்.

நான் ஒரு நாளும் கோல் காத்ததில்லை. அந்தப் பக்கம் என்னிடம் இல்லை. நீ பள்ளிக்கூட அணிக்குக் கோல் காத்தவன். அந்த இறுதி ஆட்டத்தில் கால்களுக்கு நடுவால் போன பந்துக்குப் பிறகு நீ மாடிப்படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாய், நாங்கள் நாலு பேரும் கீழே நின்றோம், மேலே ஏறிவர ஒருவருக்கும் துணிவு வரவில்லை. அடுத்த நாள் பின்னேரம் நீயாகவே கையுறையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாய். ஏன் வந்தாய் என்று நான் இதுவரை கேட்டதில்லை. என்னிடம் சொல்லவேண்டாம். அவளிடம் சொல்.

அவளுக்கு நீ யார் என்று நன்றாகத் தெரியும். "ஹலாக் மாமா" என்றுதான் உன்னைச் சொல்வாள், நீ அந்தப் பெயரை ஏற்காவிட்டாலும்.

சனிக்கிழமை காலை ஏழுக்கு இந்தப் பருவத்தின் கடைசிப் பயிற்சி. அவள் வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. நான் பையைக் காரில் ஏற்றிவிடுவேன். நீ ஆறேகாலுக்கு எடு. நான் ஹலோகூடச் சொல்லாமல் போனை அவளிடம் கொடுத்துவிடுவேன்.

அன்புடன்,
உன் மச்சான்