பொருள்: சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் ஆளை அனுப்பியது குறித்து ஐந்தாவது புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

ஐயா, வணக்கம்.

இதுவரை நான்கு புகார் எண்கள் தந்திருக்கிறீர்கள். நான்குமே "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி அனுப்பி மூடப்பட்டுவிட்டன. சுவரில் ஒன்றும் தீரவில்லை. அதனால் இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து முழுதாகப் படிக்கவும்.

மழையில் சேதமான வீட்டுக்குத் தகுதியான ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுத்துத் தருவது உங்கள் சேவை. தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் 9,500 ரூபாய், வேலைக்கு 1,84,000 ரூபாய் வாங்கினீர்கள். கானாடுகாத்தான் வீடு, சுண்ணாம்புக் காரை, தரையில் ஆத்தங்குடிக் கல், தேக்கு உத்திரம் என்று உங்கள் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தேன், பதினொரு படத்தோடு. வந்தவர் இறங்கும்போதே சிமெண்ட் மூட்டையோடு இறங்கினார்.

மழை புகுந்த இடம் கூடல்வாய், அதாவது இரண்டு கூரைச் சரிவும் சேரும் இடம். அங்கே தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது, பக்கத்தில் ஏழெட்டு நாட்டு ஓடு விரிசல். முதலில் கூரை, பிறகு உலர்த்தல், கடைசியில்தான் பூச்சு. இந்த வரிசை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, தொழிலே இதுதானே. உங்கள் ஆள் கூரைப் பக்கம் ஏறவே இல்லை. நனைந்த சுவர் உலர அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுக் கணக்கு. இரண்டடிச் சுவரில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்காமலேயே, வளவின் (முற்றத்தைச் சுற்றிய கூடம்) வடக்குச் சுவரைக் கொத்திவிட்டு, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலவையில் முக்கால் அங்குலம் பூசி, மேலே வழவழப்புக்குப் புட்டி மாவும் அடித்துவிட்டார். பூசியது ஜனவரியில். மார்ச்சில் உப்பிவிட்டது. விரலால் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம். விளிம்பில் பெயர்ந்த இடத்தில் பஞ்சு பஞ்சாய் வெள்ளை உப்பு, உள்ளே செங்கல் மாவாக உதிர்கிறது.

காரணம் சொல்கிறேன், உங்கள் பொறியாளரிடமும் காட்டுங்கள். சுண்ணாம்புக் காரை ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் விடாது. சுவருக்குள் இருக்கும் நீர் போக வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் நின்று, அதிலிருக்கும் உப்பு அங்கேயே படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உடைக்கும். பழைய செங்கல் மென்மை, சிமெண்ட் கடினம். இரண்டும் மோதினால் தோற்பது செங்கல்தான். இதைவிட மோசம், உத்திரத்தின் முனை சுவருக்குள் போகும் இடத்தையும் சிமெண்ட் வைத்து இறுக்கி அடைத்திருக்கிறார். அங்கே காற்றோட்டத்துக்கு இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் தேக்கும் மூச்சுத் திணறி உளுத்துப்போகும். அந்த உத்திரம் இறங்கினால் மேல்தளத்துக்கு யார் பொறுப்பு?

இதைக் கேட்கத்தான் மதுரைக்கு அசல் ரசீதோடு வரச் சொன்னீர்கள். போனேன். இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகு, "இந்த ஃபைல் திருச்சி ஆபீஸ்ல இருக்கு சார்" என்றார் அந்தக் கவுண்ட்டர் தம்பி. திருச்சிதான் என்று போனிலேயே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். சரி, படத்தையாவது பாருங்கள் என்று நீட்டினேன். தலையைத் தூக்காமல், "பழைய வீடுன்னா அப்படித்தான் சார் உப்பும். இடிச்சிட்டுப் புதுசா கட்டிக்கோங்க" என்றார். இந்தப் பதில் உங்கள் கம்பெனியின் பதிலா? பெயர்ப் பலகை போடாமல் உட்கார்ந்திருந்தார். அன்றைய தேதி ரசீதில் இருக்கிறது, யார் என்று நீங்களே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

ஆத்தங்குடிக் கல்லை எழுத மறந்துவிட்டேன். தரையில் சிந்திய சிமெண்டைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவியிருக்கிறார். அது சூளையில் சுட்ட கல் இல்லை. கண்ணாடி மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, பின்னால் மணலும் சிமெண்டும் வைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. ஆசிட் பட்டால் மேல்தோலே அரித்துப்போகும். நாற்பத்திரண்டு கல் வெளிறிச் சொரசொரப்பாகிவிட்டது. அதே பூவேலை, அதே நிறத்தில் இன்று கிடைக்காது. மொத்த இழப்பு 12 லட்சத்துக்குக் குறையாது. உண்மையில் ஒரு தலைமுறை வீட்டையே பாழாக்கியிருக்கிறீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: சிமெண்டை உளியால் கையாலேயே கொத்தி எடுக்க வேண்டும், பிரேக்கர் மிஷின் கூடாது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், கழுவினால் அது மறுபடி சுவருக்குள்தான் போகும். கூடல்வாய்த் தகரத்தையும் விரிசல் விட்ட ஓடுகளையும் மாற்றி, சுவர் உலர்ந்த பிறகே சுண்ணாம்பு. அதுவரை நான் கட்டிய பணம் என்னிடம் திரும்ப வர வேண்டும்.

அடுத்து அனுப்பும் ஆளிடம் நீங்களே கேளுங்கள்: சுண்ணாம்பை எங்கே நீற்றுகிறார், எத்தனை நாள் ஊறியது, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்ப்பாரா, முட்டை வெள்ளைக்கரு பூச்சைக் கல் வைத்துத் தேய்த்து மெருகேற்றத் தெரிந்த கொத்தனார் இருக்கிறாரா, அவர் பூசிய சுவர் இரண்டு மழைக்காலம் தாண்டி எங்கே நிற்கிறது. மூன்றடிக்கு மூன்றடி மாதிரிப் பூச்சு போட்டுக் காட்டட்டும். மதிப்பீடு "லம்ப்சம்" என்று ஒரே வரியில் வரக் கூடாது, சதுரஅடிக் கணக்கில், ஒவ்வொரு அடுக்குக்கும் தனியாக வேண்டும். அந்த வேலைக்கான பணத்தில் பத்து சதவீதத்தை அடுத்த ஐப்பசி மழை தாண்டிய பிறகே தருவேன். இவ்வளவு கேட்டுத் தேர்ந்தெடுக்கத்தானே 9,500 வாங்கினீர்கள்?

தங்களை நம்பியே இன்னும் எழுதுகிறேன். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார், பிறகு சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, வழக்குப் போட வக்கீலும் கட்டாயமில்லை. ரசீது, படம், குறுஞ்செய்தி எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நிலைக்குத் தள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்,
கானாடுகாத்தான்.

பி.கு.: உங்கள் ஆள் முகப்பில் விட்டுப்போன இரண்டு மூட்டை சிமெண்ட் ஈரம் பட்டுக் கல்லாக இறுகிவிட்டது. அதையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லவும்.