நான்கு பாட்டுக்குப் பயன் சொன்ன பிள்ளை: ஒரு நன்றி மடல்

அன்பான ஊரவர்களுக்கும் உறவினருக்கும்,

வணக்கம். இந்த வருடக் கந்தசஷ்டியில் எங்கள் கோயில் கந்தபுராண படிப்பில் என் மகன் முதன்முறையாகப் பயன் சொன்னான், அதாவது ஒருவர் வாசிக்கும் பாட்டுக்குச் சபையில் பொருள் விளக்கினான். வயது 16. யுத்த காண்டத்தில் நான்கே நான்கு பாட்டு. கேட்ட பலர் "பிள்ளையை நல்லா வளர்த்திருக்கிறியள்" என்று என் கையைப் பிடித்தார்கள். அந்தப் பாராட்டு உரியவர்களிடம் போய்ச் சேர வேண்டும்.

வருடத் தொடக்கத்தில் அவன் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மூன்று வரி எழுதியிருந்தான். கணிதத்தில் ஏ எடுக்க வேண்டும். சஷ்டி ஆறு நாளும் விரதம் பிடிக்க வேண்டும். பயன் சொல்லப் பழக வேண்டும். முதலாவது எனக்குப் பிடித்தது. மூன்றாவதைக் கண்டதும் கோபம் வந்தது. சாதாரண தரப் பரீட்சை வருடத்தில் பின்நேரமெல்லாம் கோயிலில் இருந்தால் ரியூசன் என்னாவது? ஏசிவிட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. அடுத்த நாள் பார்த்தால் அந்தத் தாளைக் காணவில்லை, கிழித்த ஓரம் மட்டும் கொப்பிக் கம்பியில் சிக்கியிருந்தது.

பயன் சொல்லும் ஐயாவிடம் முறையிடப் போனேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "தம்பி, உமக்கு என்ன உதவி வேணும் எண்டு பொடியனைக் கேட்டனீரோ?" என்றார். நான் கேட்டிருக்கவில்லை. அன்றிரவு கேட்டேன். "சனிக்கிழமை வகுப்பு நேரத்தை மாத்தித் தந்தால் காணும், அப்பா. மற்றது, நான் சொல்லேக்க முன்னுக்கு வந்து இருக்க வேண்டாம்." இவ்வளவுதான் அவன் கேட்டது.

கணித மாஸ்ரருக்கு நன்றி. ஞாயிறு விடிய ஆறு மணி வகுப்பில் அவனைச் சேர்த்துக்கொண்டீர்கள். புராணத்தைச் சாட்டி வீட்டுக்கணக்குச் செய்யாமல் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். அந்தக் கண்டிப்புக்கும் சேர்த்தே நன்றி.

ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? 10,345 பாட்டுக் கொண்ட புராணத்தில் காப்புச் செய்யுளின் முதற் சொல்லிலேயே அவனை ஒரு கிழமை நிறுத்தி வைத்தீர்கள். 'திகட சக்கரம்' என்பது திகழ், தசக்கரம் என்று பிரியும், ஒளிவிடும் பத்துக் கை. இந்தப் புணர்ச்சி எந்த இலக்கணத்தில் என்று அரங்கேற்றத்தில் புராணத்தைப் பாடிய கச்சியப்பரை மறித்தார்களாம், பிறகு வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டப்பட்டதாம். இந்தக் கதையைத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த தாய்க்கு அவன் குசினி வாசலில் நின்று சொன்னான். துருவல் அப்படியே நின்றுவிட்டது. யாழ்ப்பாணத்து அறிஞர் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை எங்கள் வாழ்க்கைமுறையைக் 'கந்தபுராண கலாசாரம்' என்றாரே, எனக்கு அது அந்த வாசலில்தான் விளங்கியது.

விரதத்துக்கு மனைவி பயந்தார். பள்ளிக்கூடமும் போய்ப் பட்டினியும் கிடப்பதா? அம்மம்மாதான் வழி சொன்னா: ஐந்து நாள் ஒருநேரச் சாப்பாடு, சூரன் போர் அன்று மட்டும் முழு உபவாசம், மறுநாள் விடிய விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. வீட்டில் எல்லோரும் மீன், இறைச்சி என்று மச்சத்தை விட்டோம். பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர். அவவும் அந்த ஆறு நாளும் மீன் பொரிக்கவில்லை. "எங்கட தவக்காலம் மாதிரித்தானே, பிள்ளை மணத்தில தவிக்கக்கூடாது" என்றா. அக்கா, இதை நாங்கள் மறக்க மாட்டோம். ஓட்டப் பயிற்சியிலிருந்து அவனுக்கு ஓய்வு தந்த விளையாட்டு ஆசிரியருக்கும் நன்றி.

அவன் பயன் சொன்ன அன்று, முன்னுக்கு வரமாட்டேன் என்ற சொல் தவறாமல் தேர்முட்டியடியில் நின்று ஒலிபெருக்கியில்தான் கேட்டேன். மூன்றாம் பாட்டில் அவன் குரல் நின்றுபோனது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அப்போது பாட்டு வாசித்த அண்ணர், ஒன்றுமே நடக்காததுபோல் அதே அடியை இன்னொருக்கால் இழுத்துப் பாடினார். அதற்குள் அவனுக்குச் சொல் வந்துவிட்டது. அண்ணர், சபையில் எத்தனை பேருக்கு அது தெரிந்ததோ, எனக்குத் தெரிந்தது.

ஐயா, கால் நோவால் நீங்கள் பாறணைக்கு வரவில்லை. வருகிற வெள்ளி மத்தியானம் மகன் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருவான். எங்கள் வீட்டில் ஒருநேரம் சாப்பிட வேண்டும். வாழையிலை வெட்டிவைத்துக் காத்திருப்போம்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்
கோண்டாவில், யாழ்ப்பாணம்